'100 சதவீதம் வேலை நிச்சயம்'னு சொல்றாங்களா? டேட்டாபேஸ் ஆன்லைன் பயிற்சிக்கு பணம் கட்டும் முன் இதைப் படிங்க!

சென்னை: வேளச்சேரி, தரமணி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் சாப்ட்வேர் ஊழியர்களின் செல்போனுக்கு அடிக்கடி வரும் மெசேஜ் இது. "டேட்டா வேர்ஹவுஸ் ஆன்லைன் டிரெயினிங். 45 நாள். வேலை கேரண்டி. இன்று மட்டும் பாதிக் கட்டணம்!"

அந்த 'இன்று மட்டும்' நாளைக்கும் வரும், அடுத்த வாரமும் வரும்.

ஆன்லைன் பயிற்சியால் உருப்படியாக கற்றுக்கொண்டு நல்ல சம்பளத்துக்கு மாறியவர்கள் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு, 60 மணி நேர வீடியோவைப் பார்த்துவிட்டு, இன்டர்வியூவில் முதல் கேள்விக்கே முழித்தவர்களும் உண்டு. இருவரும் பார்த்தது கிட்டத்தட்ட அதே பாடமாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

கையில் சொந்தமாக ஒரு சர்வர் கொடுத்து, அதை உடைத்து, திரும்ப ஒட்ட வைக்கச் சொன்னார்களா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. அதைக் கேட்காமல் பணம் கட்டினால் அம்பேல்தான்.

கல்லாப்பெட்டியும் கணக்குப் பேரேடும்

முதலில் டேட்டாபேஸ் என்றால் என்ன, டேட்டா வேர்ஹவுஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பல விளம்பரங்கள் வருகின்றன.

ஒரு பெரிய ஸ்வீட் கடை. தீபாவளி நேரம். கல்லாவில் கூட்டம் முண்டியடிக்கிறது. அரை கிலோ மைசூர்பா, கால் கிலோ மிக்சர் என்று பில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு பில்லும் நொடியில் பதிவாக வேண்டும், ஒரு ரூபாய் கூட தப்பக்கூடாது. இந்த வேலையைச் செய்வது டேட்டாபேஸ்.

அந்த நேரத்தில் முதலாளி வந்து, "போன அஞ்சு வருஷமா தீபாவளிக்கு எந்தக் கிளையில மைசூர்பா அதிகம் வித்துச்சு?" என்று கல்லாக்காரரிடம் கேட்டால் என்ன ஆகும்? அவர் பழைய பில்லைத் தேட ஆரம்பிப்பார். வரிசை அப்படியே நின்றுவிடும்.

அதனால்தான் எல்லாக் கிளைகளின் கணக்கையும் ராத்திரியோடு ராத்திரியாக வேறு இடத்துக்குக் கொண்டுபோய், ஒரே மாதிரி அடுக்கி வைக்கிறார்கள். முதலாளி எதைக் கேட்டாலும் அங்கே பார்த்துச் சொல்லலாம். இதுதான் டேட்டா வேர்ஹவுஸ். தமிழில் தரவுக் கிடங்கு.

ஒரு இடத்திலிருந்து எடுத்து, சுத்தப்படுத்தி, இன்னொரு இடத்தில் ஏற்றும் வேலைக்குப் பெயர் இ.டி.எல். இதைச் செய்பவர்தான் இ.டி.எல். டெவலப்பர். இப்போது 'டேட்டா இன்ஜினியர்' என்ற பெயரில் வரும் வேலைகளில் பெரும்பகுதி இதன் வளர்ச்சிதான். கல்லா நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்பவர் டி.பி.ஏ., அதாவது டேட்டாபேஸ் அட்மினிஸ்டிரேட்டர்.

இந்தத் துறை நேற்று வந்ததல்ல. டேபிள் டேபிளாக டேட்டாவை அடுக்கும் யோசனையை ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த எட்கர் காட் 1970-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதே கம்பெனியில் சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் அதற்கான கேள்வி மொழியை 1974-ல் கொண்டுவந்தார்கள். அதுதான் இன்றைய எஸ்.கியூ.எல். டேட்டா வேர்ஹவுஸ் பற்றி பில் இன்மன் எழுதிய புத்தகம் 1992-ல் வந்தது. ரால்ப் கிம்பால் எழுதியது 1996-ல் வந்தது. இன்றைக்கும் இன்டர்வியூவில் இந்த இருவரின் முறைகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள்.

தி.நகர், அமீர்பேட்டை, இப்போது லேப்டாப்

1990-களின் கடைசியில் தி.நகர், அண்ணா சாலை பக்கம் எங்கு பார்த்தாலும் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகள்தான். என்.ஐ.ஐ.டி., எஸ்.எஸ்.ஐ., ஆப்டெக் என்று பெயர்கள் மனப்பாடம். ஆரக்கிள் படித்தால் அமெரிக்கா என்ற நம்பிக்கை இருந்த காலம்.

குறைந்த காசில் படிக்க ஐதராபாத் அமீர்பேட்டைக்கு ரயில் ஏறியவர்களும் உண்டு. அங்கே மைத்ரிவனம் கட்டிடத்தைச் சுற்றி சந்து சந்தாக வகுப்புகள். ஆரக்கிள், இன்பர்மேட்டிகா, டேட்டாஸ்டேஜ், டெராடேட்டா என்று நோட்டீஸ் கையில் திணிப்பார்கள்.

இன்டர்நெட் வேகம் கூடக்கூட அதே வகுப்புகள் ஆன்லைனுக்கு வந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மிச்சம் மீதியும் லேப்டாப்புக்குள் புகுந்துவிட்டது.

இப்போது பெரும்பாலும் காலை 7 மணி பேட்ச், இரவு 9 மணி பேட்ச், சனி ஞாயிறு பேட்ச் என்று நடக்கிறது. ஆபீஸ் போகிறவர்களுக்கு அதுதான் வசதி. மதுரை, நெல்லை, திருச்சி பக்கம் இருப்பவர்களும் சென்னைக்கு வந்து விடுதி வாடகை கொடுக்காமல் படிக்கலாம். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு படிக்கும் பெண்களுக்கும், வேலையில் இடைவெளி விட்டு திரும்ப வர நினைப்பவர்களுக்கும் இது வரப்பிரசாதம்தான்.

ஆனால் வசதி வந்த அதே வழியாகத்தான் வில்லங்கமும் வந்திருக்கிறது. நேரில் போனால் வகுப்பறை இருக்கிறதா, கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆன்லைனில் தெரிவதெல்லாம் ஒரு லோகோவும், ஒரு வாட்ஸ்அப் நம்பரும்தான்.

பயம்தான் முதலீடு

யார் இந்த வகுப்புகளில் சேருகிறார்கள்? காலேஜ் முடித்த புதியவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 8 வருஷம், 10 வருஷம் வேலை பார்த்தவர்கள்.

ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வயது 34. பத்து வருஷமாக ஒரே கம்பெனியில் இன்பர்மேட்டிகா பவர்சென்டர் வேலை. ராத்திரி ஷிப்ட். ஜாப் ஓடுதா, நிற்குதா என்று பார்ப்பதுதான் தினசரி வேலை. திடீரென்று, "நம்ம கிளையன்ட் கிளவுடுக்கு மாறுறாங்க, ஸ்னோபிளேக் தெரிஞ்சவங்க வேணும்" என்று மேனேஜர் சொல்கிறார். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும்.

அன்றைக்கு ராத்திரியே அவர் கூகுளில் தேடுவார். அடுத்த நாள் காலை 4 இடத்திலிருந்து போன் வரும். இந்தப் பயம்தான் பல டுபாக்கூர் பயிற்சிக் கடைகளுக்கு முதலீடு.

பயப்படக் காரணம் இல்லாமலும் இல்லை. கூகுளின் பிக்குவரி 2010-ல் அறிவிக்கப்பட்டது. அமேசானின் ரெட்ஷிப்ட் 2012-ல் வந்தது. ஸ்னோபிளேக் கம்பெனி தொடங்கியதும் 2012-ல்தான். டேட்டாபிரிக்ஸ் 2013. மைக்ரோசாப்டின் பேப்ரிக் 2023. டேட்டா வேர்ஹவுஸ் என்றால் கம்பெனிக்குள் ஒரு பெரிய மெஷின் என்ற நிலைமை மாறி, வாடகைக்கு எடுத்து பயன்படுத்தும் காலம் வந்துவிட்டது.

ஆனால் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. மாறியது கருவிதான், அடிப்படை அப்படியே இருக்கிறது. எஸ்.கியூ.எல். நன்றாகத் தெரிந்தவர், பேரேடு அடுக்கும் முறை தெரிந்தவர் புதிய கருவியைப் பிடித்துக்கொள்வது பெரிய மலையல்ல. அடிப்படை தெரியாமல் கருவியின் பட்டனை மட்டும் கற்றுக்கொண்டவர்தான் அடுத்த கருவி வந்ததும் திரும்ப பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு ராத்திரி, 300 ஜி.பி. காலி!

கையால் செய்து பார்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? உலகமே பார்த்த ஒரு சம்பவம் இருக்கிறது.

2017 ஜனவரி 31. சாப்ட்வேர் எழுதுபவர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற இணையதளம். அதன் டேட்டாபேசில் அன்று ராத்திரி ஒரு கோளாறு. சரிசெய்ய உட்கார்ந்த இன்ஜினியர், இரண்டாவது சர்வரில் உள்ள பழைய போல்டரை அழிக்க நினைத்தார். கட்டளையைத் தட்டியது முதல் சர்வரில். அதாவது, வாடிக்கையாளர்களின் நிஜ டேட்டா இருந்த சர்வர்!

தப்பு என்று உறைத்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜி.பி. போய்விட்டது. மிஞ்சியது வெறும் 4.5 ஜி.பி.

"பேக்கப் இருக்குமே?" என்று கேட்கலாம். ஒன்றல்ல, 5 விதமான பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. ஒன்றுகூட உருப்படியாக வேலை செய்யவில்லை என்று அந்தக் கம்பெனியே வெளிப்படையாகச் சொன்னது. தினமும் பேக்கப் எடுக்க வேண்டிய புரோகிராம் பழைய வெர்ஷன். அது டேட்டாபேசின் புதிய வெர்ஷனோடு ஒத்துப்போகாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேராமல் திரும்பியிருக்கின்றன.

தற்செயலாக, 6 மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக ஒருவர் எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் தளத்தை மீட்டார்கள். அந்த 6 மணி நேரத்தில் பதிவானவை போனது போனதுதான்.

இதில் பாடம் என்ன? பேக்கப் எடுப்பது பெரிதல்ல. எடுத்ததை திரும்ப ஏற்றி, வேலை செய்கிறதா என்று பார்த்தோமா என்பதுதான் விஷயம். இதைத்தான் ரெஸ்டோர் என்கிறார்கள். ரெஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப், காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்காத ஸ்டெப்னி மாதிரி. பஞ்சர் ஆகும்போதுதான் தெரியும்.

இப்போது நம்மூர் ஆன்லைன் வகுப்புக்கு வருவோம். டிரெயினர் தன் ஸ்கிரீனில் பேக்கப் எடுப்பதைக் காட்டுகிறார். எல்லாம் பச்சையாக வருகிறது. "புரிஞ்சுதா எல்லாருக்கும்?" என்கிறார். மியூட்டில் இருக்கும் 40 பேரும் 'எஸ் சார்' என்று டைப் செய்கிறார்கள். அவ்வளவுதான், அந்தப் பாடம் முடிந்தது.

இது நீச்சல் வீடியோ பார்த்துவிட்டு மெரினாவில் இறங்குவதற்குச் சமம்.

டெமோ வகுப்பில் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

பெரும்பாலான இடங்களில் முதல் வகுப்பு இலவசம். அதை 'டெமோ' என்பார்கள். அங்கே வாய் மூடி உட்காராமல் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்.

1. "எனக்குன்னு தனி சர்வர் தருவீங்களா, எத்தனை நாளைக்கு?" எல்லாருக்கும் சேர்த்து ஒரே லாகின் என்றால் பயன் குறைவு. அதில் எதையும் உடைத்துப் பார்க்க விடமாட்டார்கள். சொந்த லேப்டாப்பில் நிறுவ உதவுவோம் என்று சொன்னால், அது நல்ல பதில்.

2. "ரெஸ்டோர் பாடம் எத்தனை மணி நேரம்?" டி.பி.ஏ. வகுப்பு என்றால் இதுதான் உரைகல். ஆரக்கிள் என்றால் ஆர்மேன் வைத்து மீட்பது, டேட்டா கார்டில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது. எஸ்.கியூ.எல். சர்வர் என்றால் முழு பேக்கப், இடைப்பட்ட பேக்கப், லாக் பேக்கப் மூன்றையும் வைத்து குறிப்பிட்ட நிமிடத்துக்கு திரும்புவது. இவற்றை மாணவரே செய்ய வேண்டும்.

3. "ராத்திரி 2 மணிக்கு லோடு பாதியில நின்னா, திரும்ப எப்படி ஓட்டுவீங்க?" இது டேட்டா வேர்ஹவுஸ் வகுப்புக்கான கேள்வி. அப்படியே திரும்ப ஓட்டினால் பாதி பில் இரண்டு தடவை ஏறிவிடும், விற்பனை டபுளாகக் காட்டும். அதைத் தடுக்கும் முறையைச் சொல்லித் தருபவர் வேலை பார்த்தவர். மழுப்புபவர் புத்தகம் படித்தவர்.

4. "வாடிக்கையாளர் மதுரையிலேர்ந்து சென்னைக்கு குடிவந்துட்டா, பழைய விற்பனை எந்த ஊர் கணக்குல இருக்கும்?" விலாசத்தை மாற்றி எழுதினால் போன வருஷ மதுரை விற்பனையும் சென்னைக்கு வந்துவிடும். பழைய விலாசத்தை தேதியோடு வைத்துக்கொண்டு, புதிய வரி சேர்க்க வேண்டும். டேட்டா வேர்ஹவுசில் இது பாலபாடம். இன்டர்வியூவில் அடிக்கடி வரும்.

5. "டெமோ எடுக்குறவர்தான் கடைசி வரைக்கும் எடுப்பாரா?" முதல் நாள் அனுபவசாலி ஒருவர் வெளுத்து வாங்குவார். மூன்றாம் நாள் வேறு ஒருவர் வந்து ஸ்லைடைப் படிப்பார். இப்படியும் நடப்பதுண்டு.

6. "சிலபஸ் எந்த வெர்ஷன்? எந்தத் தேர்வுக்கு?" இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது தனிக்கதை.

செத்துப்போன தேர்வுக்கு பாடம்

சர்டிபிகேட் தேர்வுகளுக்கும் ஆயுசு உண்டு. கம்பெனிகள் பழையதை நிறுத்திவிட்டு புதியதைக் கொண்டுவரும். ஆனால் பழைய நோட்ஸ், பழைய வீடியோ கையில் இருப்பதால் சிலர் அதையே விற்றுக்கொண்டிருப்பார்கள்.

மைக்ரோசாப்டின் டேட்டா இன்ஜினியர் தேர்வாக பிரபலமாக இருந்தது டி.பி.203. இது 2025 மார்ச் 31-ம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பேப்ரிக்கை வைத்து டி.பி.700 நடக்கிறது. எம்.சி.எஸ்.ஏ. என்ற பழைய பட்டம் 2021 ஜனவரியோடு போய்விட்டது.

அமேசானில் டேட்டாபேஸ் ஸ்பெஷாலிட்டி, டேட்டா அனலிட்டிக்ஸ் ஸ்பெஷாலிட்டி என்ற இரண்டு தேர்வுகள் இருந்தன. இரண்டுமே 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டன. அதற்கு முந்தைய மாதம் டேட்டா இன்ஜினியர் அசோசியேட் என்ற புதிய தேர்வு வந்தது.

எனவே, இனி எழுதவே முடியாத தேர்வுக்கு யாராவது பீஸ் வாங்கினால் உஷார். அந்தந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் தேர்வின் பெயரைத் தட்டினால் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது 2 நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பயிற்சி நிலையம் கொடுக்கும் 'கோர்ஸ் முடித்த சான்றிதழ்' வேறு, மைக்ரோசாப்ட், ஆரக்கிள், அமேசான் நடத்தும் தேர்வில் ஜெயித்து வாங்கும் சான்றிதழ் வேறு. முதலாவது சுவரில் மாட்டத்தான் உதவும்.

தேர்வுக்கு 'அதே கேள்விகள்' என்று பி.டி.எப். விற்பவர்களும் இருக்கிறார்கள். 'டம்ப்ஸ்' என்று பெயர். அதை வைத்து எழுதியது தெரிந்தால் சான்றிதழ் ரத்தாகும், மேற்கொண்டு தேர்வு எழுதவும் தடை வரும். அப்படியே தப்பித்தாலும் இன்டர்வியூவில் சாயம் வெளுத்துவிடும்.

போலி அனுபவம்: பி.எப். காட்டிக்கொடுக்கும்

சில இடங்களில் பயிற்சியோடு 'பேக்கேஜ்' பேசுவார்கள். "3 வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் போட்டுத் தர்றோம் சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்பார்கள். இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான குழி.

இப்போது கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது பின்னணி விசாரணை நடத்துகின்றன. பி.எப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து யார் எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று பார்க்கிறார்கள். லெட்டரில் இருக்கும் கம்பெனி பி.எப். கணக்கில் இல்லை என்றால் கேள்வி வரும். சேர்ந்து 6 மாதம் கழித்து தெரிந்தாலும் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

'பிராக்சி இன்டர்வியூ' என்று இன்னொரு கூத்து. வீடியோவில் இவர் வாயசைப்பார், பதில் சொல்வது வேறொருவர். ஆள்மாறாட்டம் மோசடிக் குற்றம். போலீஸ் வரை போகும் விஷயம்.

அடுத்தது 'ஜாப் சப்போர்ட்'. வேலை கிடைத்த பிறகு, தினமும் ராத்திரி கம்பெனி ஸ்கிரீனை டிரெயினருக்குக் காட்டி வேலையை முடித்துக்கொள்வது. கேட்க நல்ல உதவி மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ஸ்கிரீனில் ஓடுவது யாரோ ஒரு பாங்க் வாடிக்கையாளரின் டேட்டா. அதை வெளியாளுக்குக் காட்டுவது வேலை ஒப்பந்தத்தை மீறுவது. தனிநபர் டேட்டா பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மாட்டினால் டிரெயினர் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார். மாட்டுவது ஊழியர்தான்.

இ.எம்.ஐ. வலை

பீஸ் சில ஆயிரத்திலும் இருக்கிறது, லட்சத்தைத் தொடுவதும் இருக்கிறது. "கையில காசு இல்லையா? கவலைப்படாதீங்க, வட்டியில்லாத இ.எம்.ஐ." என்று சொன்னால் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

பல இடங்களில் அது தவணை அல்ல, கடன்! வேறொரு நிதி நிறுவனம் மாணவர் பெயரில் கடன் கொடுத்து, மொத்தப் பணத்தையும் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பிவிடும். வகுப்பு பாதியில் நின்றாலும், நிலையமே மூடிக்கொண்டு போனாலும், மாதாமாதம் அக்கவுண்டில் பணம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் சரியும். அப்புறம் வீட்டுக் கடன், வண்டிக் கடன் கேட்கும்போது கதவு மூடும்.

ஆதார், பான், ஓ.டி.பி. மூன்றையும் 'அட்மிஷனுக்கு' என்று கேட்டால் அது கடன் விண்ணப்பமா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும்.

பாதிப் பணம் இப்போது, மீதி பாதி வகுப்பு முடிந்த பிறகு என்று பேசலாம். நல்ல டிரெயினர்கள் பலர் ஒப்புக்கொள்வார்கள். ஜி.எஸ்.டி. எண்ணுடன் ரசீது கேட்க வேண்டும். வகுப்பு பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள், எவ்வளவு பணம் திரும்பும் என்பதை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

காசில்லாமலும் கற்கலாம்

பீஸ் கட்டுவதற்கு முன்பு ஒரு மாதம் இலவசமாக முயற்சி செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

நம்ம சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஸ்ரீநிவாச குமார் நடத்திய டேட்டாபேஸ் பாடம் என்.பி.டெல் தளத்தில் இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பார்த்த பிரதிம் தாஸ் நடத்திய பாடமும் இருக்கிறது. பார்ப்பதற்கு காசில்லை. சான்றிதழ் வேண்டும் என்று தேர்வு எழுதினால்தான் கட்டணம். மைக்ரோசாப்டும் தன் 'லேர்ன்' தளத்தில் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. தேர்வுக்குத்தான் பணம்.

பழகிப் பார்க்க சாப்ட்வேரும் இலவசம்தான். போஸ்ட்கிரஸ் முழுக்க முழுக்க இலவசம். ஆரக்கிள் கம்பெனி 12 ஜி.பி. வரை டேட்டா வைத்துக்கொள்ளும்படி ஒரு இலவச டேட்டாபேஸ் தருகிறது. எஸ்.கியூ.எல். சர்வரின் டெவலப்பர் பதிப்பு கற்றுக்கொள்ள இலவசம். 8 ஜி.பி. ராம் உள்ள சாதாரண லேப்டாப்பே ஆரம்பத்துக்குப் போதும்.

டேட்டா வேர்ஹவுஸ் பழக, கூகுளின் பிக்குவரியில் கிரெடிட் கார்டு கொடுக்காமலே மாதம் 10 ஜி.பி. சேமிப்பும், 1 டி.பி. அளவுக்கு கேள்விகளும் இலவசம். ஸ்னோபிளேக்கில் 30 நாள் சோதனைக் கணக்கு கிடைக்கும்.

கார்டு கேட்கும் கிளவுடு கணக்குகளில் மட்டும் ஜாக்கிரதை. பழகி முடித்ததும் சர்வரை அணைக்க மறந்தால், மோட்டாரைப் போட்டுவிட்டு ஊருக்குப் போன கதைதான். மாதக் கடைசியில் பில் வரும்போது தலை சுற்றும். முதல் வேலையாக செலவு எச்சரிக்கையைப் போட்டுவிட வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பரீட்சை. போஸ்ட்கிரசில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்கள். மளிகைக் கடை பில் மாதிரி சில ஆயிரம் வரிகளை ஏற்றுங்கள். பேக்கப் எடுங்கள். பிறகு டேட்டாபேசையே அழித்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மீட்டெடுங்கள். வரிகளின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் தடவை வியர்க்கும். ஐந்தாவது தடவை கை தானாகப் போகும். எந்த நிலையத்தின் சான்றிதழையும்விட இந்த ஐந்து தடவை இன்டர்வியூவில் அதிகம் பேசும்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பணம் கட்டி ஏமாந்தவர்களில் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியில் சொல்வதில்லை. "படிச்சவன் நானே ஏமாந்துட்டேனே" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். ஏமாற்றுபவர்களுக்கு அதுதான் தெம்பு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பண மோசடி என்றால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டு சட்டப்படி, பயிற்சி நிலையம் ஐதராபாத்தில் இருந்தாலும் சரி, பெங்களூரில் இருந்தாலும் சரி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலேயே மனு கொடுக்கவும் வசதி இருக்கிறது.

விளம்பரத்துக்கும் கடிவாளம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 50 பேருக்கு மேல் பயிற்சி தரும் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வேலை நிச்சயம், தேர்ச்சி நிச்சயம் என்று பொய் உத்தரவாதம் தரக்கூடாது என்பது அதில் முக்கியம். எனவே அந்த வாட்ஸ்அப் மெசேஜை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் நாளைக்கு அதுவே சாட்சி.

மறுபக்கமும் உண்டு. 20 வருஷம் வேலை பார்த்துவிட்டு, வாரக் கடைசியில் 10 பேருக்கு மட்டும் அக்கறையாகச் சொல்லித்தரும் டிரெயினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு பேனர் கிடையாது, 'இன்று மட்டும்' தள்ளுபடி கிடையாது. பழைய மாணவர்கள் சொல்லித்தான் புதியவர்கள் வருவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அங்கே படித்தவர்கள் இரண்டு பேரிடம் போனில் பேசுவது.

பேசும்போது, "வேலை கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். "ரெஸ்டோர் நீங்களே பண்ணிப் பாத்தீங்களா?" என்றும் கேளுங்கள். "ஆமா, நாலு தடவை சொதப்பி அஞ்சாவது தடவைதான் வந்துச்சு" என்று பதில் வந்தால், தைரியமாகப் பணம் கட்டலாம்!